பாஞ்சாலியின் நாற்பத்திரண்டு நாள்

திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கட்டும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சரம் முடிந்ததும் நூலை வாயில் வைத்து நறுக்கென்று கடித்து அறுப்பார்கள். அந்த வரிசையில் பாஞ்சாலி ஒருத்திதான் கடிக்க மாட்டாள். அவள் மடியில் பாதி பிளேடு ஒன்று இருக்கும். அவளுக்கு மட்டும் கடிக்க ஆசை இருக்காதா என்ன? மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. அவள் கடித்தால் நூல் எச்சிலாகுமே தவிர அறாது.

பிறவிக் கோளாறு ஒன்றுமில்லை. மூன்று வயதில், திருவாலங்காட்டில், அப்பா ஓட்டிய கரும்பு வண்டியின் மேலிருந்து குப்புற விழுந்தாள். முகவாய் கட்டாந்தரையில் மோதியது. பச்சிலை வைத்துக் கட்டினார்கள், வீக்கம் வடிந்தது, பிள்ளை எழுந்து ஓடியது, அதோடு விட்டார்கள். அந்தக் கீழ்த்தாடை அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது யாருக்குத் தெரியும்? இருபத்தாறு வயதில் அவளுக்குக் கீழுதடு முடிந்த இடத்தில் கழுத்து தொடங்கியது.

ஊர்க்காரர்களைச் சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப மரியாதைக்காரர்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பூவைப் பார்ப்பார்கள், முழம் போடும் கையைப் பார்ப்பார்கள், மலை உச்சியைப் பார்ப்பார்கள். அவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். இது பாஞ்சாலிக்கு எரியும். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது?

கட்டிய புருஷன் தணிகாசலம் நல்லவன். சொந்த அத்தை மகன், அவள் வாய்க்குப் பாவா. ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டுகிறவன். அவன் அவளைப் பார்ப்பான், நன்றாகவே பார்ப்பான். ஆனால் ஒருத்தன் பார்த்தால் போதுமா, நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் ஒருநாள், பட்டணத்திலிருந்து ஒரு சுருட்டைமுடிக்காரர் குழந்தைக்கு மொட்டையடிக்கக் குடும்பத்தோடு வந்தார். பூ வாங்க நின்றவர், வாங்கிய பிறகும் நகரவில்லை. எல்லாரும் நூலைக் கடிக்க, இவள் மட்டும் பிளேடு எடுப்பதையே பார்த்தார். பிறகு அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, முன்பல் சேரவில்லையா, சின்ன வயதில் அடிபட்டதா என்று கேட்டார். பாஞ்சாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வேற்றாள், அதுவும் ஆம்பிளை, கண்ணை வேறெங்கும் திருப்பாமல் அவள் முகவாயையே பார்த்துக்கொண்டு பேசினார். அவர் தாடை ஆபரேஷன் செய்கிற டாக்டராம். ஒரு சீட்டில் ஆஸ்பத்திரி பேரை எழுதிக் கொடுத்து, சரி செய்யலாம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மலையேறிப் போனார்.

அந்தச் சீட்டை அவள் நாலு நாள் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்த தணிகாசலத்திடம் நீட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் கையிலிருந்த கொள்ளுக் கூடையைக் கீழே வைத்துவிட்டான். எலும்பை அறுப்பார்களாமே, உயிருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்ன செய்வது என்று புலம்பினான். கடைசியில், "எனக்கு நீ இருக்கறதே போதும் பாஞ்சாலி" என்றான்.

"உனக்குப் போதும் பாவா. எனக்குப் போதல" என்றாள் அவள்.

அடுத்த வாரம் இருவரும் பட்டணத்துக்கு ரயிலேறினார்கள்.

டாக்டர் அவள் பல்வரிசையை மாவில் அச்சு எடுத்து வைத்திருந்தார். கீழ்த்தாடை அச்சைக் கையில் பிடித்து, இருபக்கமும் எலும்பை இப்படிப் பிளப்போம், மேஜையிலிருந்து இழுப்பறையை இழுக்கிற மாதிரி முன்னால் இழுப்போம், இழுத்த இடத்தில் கம்பியால் கட்டுவோம் என்று செய்தே காட்டினார். அச்சு நகர்ந்தது. கீழ்ப்பல் போய் மேல்பல்லோடு கச்சிதமாக உட்கார்ந்தது. பாஞ்சாலிக்குப் புல்லரித்துவிட்டது. இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னாள். அவர் மூன்று தரம் செய்து காட்டினார்.

ஆனால் ஒரு கண்டிஷன். அறுத்த எலும்பு ஒட்ட நாற்பத்திரண்டு நாள் ஆகும். அதுவரை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வாயைத் திறக்கவே கூடாது. நடுவில் கட்டு விட்டுப்போனால் தாடை பழையபடி பின்னால் போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண், மறுபடி அறுப்பது லேசில்லை என்றார். கீழுதடு பல மாதம் மரத்துக் கிடக்கும் என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டினாள். அந்த நிமிஷம் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

மாமியார் ஜெயம்மா மட்டும் ஒரு காரியம் செய்தாள். பாஞ்சாலி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆபரேஷன் கோணலாகப் போனால் ஊர் வாயில் விழ வேண்டுமே என்ற பயம். ஒட்டின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மருமகளிடம் சத்தியமே வாங்கிக்கொண்டாள்.

ஆனி கடைசியில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது மூக்கில் குழாய், முகம் பூசணிக்காய், பல்லோடு பல் சேர்த்து இறுக்கிய நாலு கம்பி. வலி சொல்லி மாளாது. ஆனாலும் அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? கையைத் தூக்கி முகவாயைத் தடவினாள். உதடு மரத்துக் கிடந்ததால் முகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. வீக்கத்துக்குக் கீழே ஒரு மேடு இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதால் மூக்கடைக்கும் என்று நர்ஸ் அதட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் கம்பி வெட்டும் சின்னக் குறடு ஒன்றைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். வாந்தி வந்து மூச்சு முட்டினால் மட்டும் நாலு கம்பியையும் உடனே வெட்ட வேண்டும், மற்றபடி தொடவே கூடாது, தூங்கும்போதும் இது அவள் கூடவே இருக்க வேண்டும் என்றார். தணிகாசலம் அதை ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினான்.

வினை அங்கேதான் ஆரம்பம்.

ரயிலில் எதிர் பெஞ்சில் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஆடிக் கிருத்திகைக்கு முன்கூட்டியே மலைக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னல் காற்றில் பாஞ்சாலியின் முந்தானை விலகியது. வீங்கிய உதட்டுக்கு நடுவே பல்லில் கம்பி பளபளத்தது. அந்த வீட்டம்மா பார்த்தாள். எழுந்து வந்து, தெலுங்கில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே பாஞ்சாலியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முருகனுக்கு வாய்ப்பூட்டு வேண்டுதல் என்று ஒன்று உண்டு. உதட்டுக்கு வெள்ளியில் பூட்டோ கம்பியோ போட்டுக்கொண்டு, பேச்சும் சோறும் இல்லாமல் காவடியோடு மலையேறி, சன்னதியில் அவிழ்ப்பார்கள். ஆடி மாதம் திருத்தணி வண்டியில், வாயில் கம்பியும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாக ஒரு பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யார் என்ன நினைப்பார்கள்?

ரயிலடியிலிருந்து வீடு போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. எதிர்வீட்டு அம்சா வாசலிலேயே நின்றாள். வேண்டுதலா என்று கேட்டாள். ஜெயம்மா ஒரு நொடிதான் யோசித்தாள். ஆபரேஷனை மறைக்க முருகனே ஒரு வழி காட்டியதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆங், வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டாள். தணிகாசலம் வாயைப் பிளந்து நின்றான். பாஞ்சாலியால் அதுகூட முடியவில்லை.

அடேயப்பா, அடுத்த இரண்டு வாரம் அந்த வீடு வீடாகவா இருந்தது! உதட்டில் பூட்டுப் போட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறோம், இவள் பல்லிலேயே பூட்டுப் போட்டிருக்கிறாளே என்று தெருத்தெருவாக வந்து பார்த்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவுக்காரப் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். முகவீக்கத்தைப் பார்த்து அருள் இறங்கியிருக்கிறது என்றார்கள். கழுத்துக் குறடுதான் பூட்டுக்குச் சாவி என்று முடிவு கட்டி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி பால் கொண்டுவந்தாள், ஒருத்தி வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, ஒருத்தி கரும்புச்சாறு. கடைவாய்க்குப் பின்னால் இருந்த இடுக்கில் ரப்பர் குழாய் விட்டு எல்லாமே உள்ளே போயிற்று.

பாஞ்சாலிக்கு அது பிடித்திருந்ததா என்றால், பிடித்திருந்தது. மறைப்பானேன்? இத்தனை வருஷமாக மலையைப் பார்த்த கண்ணெல்லாம் இப்போது அவள் முகத்தைப் பார்த்தன. நேராக, இமைக்காமல், ஆசையாகப் பார்த்தன. பல்லைத் திறக்காமலே முணுமுணுவென்று பேச அவளால் முடியும். அறையில் புருஷனிடம் அப்படித்தான் பேசுவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் பாவா என்று ஒருநாள் சொல்வாள், நாளைக்குச் சொல்லலாம் என்று மறுநாள் சொல்வாள். ராத்திரி படுக்கும்போது நாள் எண்ணுவாள். இன்னும் இருபது, இன்னும் பத்தொன்பது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அது இருபத்தாறாம் நாள். ஸ்பெஷல் ரயில்களுக்குச் சவாரி இழுக்கத் தணிகாசலம் விடியற்காலையே ரயிலடிக்குப் போய்விட்டான். அவன் போன சற்று நேரத்தில் வாசலில் பம்பை மேளச் சத்தம் கேட்டது. தெருக் காவடிக்கு வருஷா வருஷம் தலைமை தாங்கும் துளசிங்கம், புஷ்பக் காவடியோடு நின்றார். கூட நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். பூட்டுப் போட்ட அம்மாவை முன்னால் விட்டு மலையேற வந்திருக்கிறோம் என்றார். சாமி கும்பிட்டுவிட்டு வருவதுதானே என்று ஜெயம்மா கிளம்பச் சொன்னாள். பாஞ்சாலியும் அப்படித்தான் நினைத்தாள். பூட்டுப் போட்டால் கிருத்திகையன்று சன்னதியில் அவிழ்த்தாக வேண்டும் என்ற சாதாரண விஷயம், அந்த ஊரிலேயே வாழ்ந்த இரண்டு பொம்பளைகளுக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பயம் எல்லாம் ஊர் என்ன சொல்லும் என்பதிலேயே போய்விட்டால் வேறெதற்கு மூளை மிச்சமிருக்கும்?

முன்னூற்று அறுபத்தைந்து படி. கூட்டம் அரோகரா போட்டது. பாஞ்சாலி மூக்கால் மூச்சு விட்டு, நின்று நின்று ஏறினாள். மேலே மண்டபத்தில் துளசிங்கம் அவள் கழுத்துக் கயிற்றைப் பயபக்தியோடு கழற்றினார். குறட்டைச் சன்னதி நோக்கித் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். சாமி வந்துவிட்டது என்றார்கள். பம்பை இரண்டு மடங்கு வேகமாக முழங்கியது. அவள் பல்லுக்குள்ளிருந்தே கத்தினாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கையால் வாயைப் பொத்தினாள். பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், சாமியாடுகிறவளைத் தாங்குகிற பதத்தோடு, அன்பாக அவள் கைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடி இரும்பு மாதிரி இருந்தது. கும்பலில் பின்தங்கிய ஜெயம்மா அப்போதுதான் எக்கிப் பார்த்தாள். குறடு மருமகளின் உதட்டுக்கு நடுவே போவது தெரிந்தது.

டிக் என்றது. நாலில் ஒன்று போயிற்று.

பாஞ்சாலிக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. இரண்டு பெண்களையும் உதறிவிட்டுப் பாய்ந்தாள். துளசிங்கத்தின் மேல் இல்லை, பம்பைக்காரர் மேல். இரண்டு கையாலும் பம்பையைக் கட்டிப்பிடித்து, தோலின் மேல் உடம்பையே வைத்து அழுத்திக்கொண்டாள். குச்சி அவள் முதுகில் ஒரு முறை விழுந்து நின்றது. சத்தம் அடங்கியது. அந்த அமைதியில், பூட்டுப் போட்ட அம்மா பூட்டோடு பேசியதைக் கூட்டம் கேட்டது.

"இது வேண்டுதல் இல்லிங்க. ஆஸ்பத்திரியில போட்ட கம்பி. எனக்கு முகவாய் வெச்சிருக்காங்க. எலும்பு இன்னும் ஒட்டல. அறுத்துட்டா மறுபடி உள்ள போயிடும்."

பால் கொடுத்தவர்கள், காலில் விழுந்தவர்கள், பஸ் பிடித்து வந்தவர்கள், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். துளசிங்கத்தின் முகம் கறுத்தது. சாமிகிட்டயே பொய்யா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது, ஜெயம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மருமகளுக்கும் குறட்டுக்கும் நடுவில் நின்றாள்.

"பொய் சொன்னது நானு. அவளால வாயத் தொறக்க முடியாதப்ப நான் தொறந்துட்டேன். இன்னா பண்ணணுமோ என்னப் பண்ணு. அவ முகவாயத் தொடாத."

எந்த ஊர் வாய்க்குப் பயந்தாளோ அந்த ஊர் முழுக்க நிற்கிற நாளில், சன்னதிக்கு எதிரிலேயே, தொண்டை கிழியச் சொன்னாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பாஞ்சாலிக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பம்பையை விட்டால் மறுபடி வாசிப்பார்களோ என்று பயந்து விடாமலிருந்தாள்.

துளசிங்கம் கையிலிருந்த குறட்டைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். "இன்னும் எத்தினி நாளும்மா?" என்று கேட்டார். பதினாறு என்று பல்லுக்குள்ளிருந்தே சொன்னாள். அவர் மஞ்சள் கயிற்றை மறுபடி அவள் கழுத்தில் மாட்டினார். பம்பைக்காரர் பக்கம் திரும்பி, மெதுவாக அடி, அந்தப் பொண்ணுக்கு அதிரக்கூடாது என்றார்.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். வெட்டிய கம்பியோடு மறுநாளே பட்டணத்துக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்டுவிட்டு முதலில் கத்தினார், பிறகு முழுக்கதையும் கேட்டுச் சிரித்தார், பிறகு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். மீதி மூன்று கம்பி தாங்கியிருக்கிறது, எலும்பு நகர்ந்ததா இல்லையா என்று கட்டு அவிழ்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று புதுக்கம்பி போட்டு அனுப்பினார். அந்தப் பதினாறு நாளும் பாஞ்சாலி பட்ட பாட்டுக்கு முந்தைய இருபத்தாறும் ஒன்றுமேயில்லை. தெருவில் இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்சா கஞ்சிச் சொம்போடு வந்தாள். சாமி விரதக்காரி பட்டினி கிடக்கலாம், ஆபரேஷன் பண்ணவ கிடக்கலாமா என்று சண்டைக்கு வந்த மாதிரிக் கேட்டு வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் கரும்புச்சாறும் வந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் டாக்டர் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக வெட்டினார். தாடை விறைத்துப் போய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. பல்லைக் கடி என்றார். கடித்தாள். முன்பல்லும் முன்பல்லும் மோதி, டக்கென்று ஒரு சத்தம். வண்டியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவள் வாயில் கேட்காத சத்தம். இன்னொரு தரம் கடித்தாள். அப்புறம் நிறுத்தவே மாட்டேனென்று கடித்துக்கொண்டேயிருந்தாள். நகரவில்லை, நகரவில்லை என்று டாக்டரே துள்ளினார். தணிகாசலம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்றான் அவன். அவள் ஜட்காவைக் கடைத்தெருப் பக்கம் விடச் சொன்னாள். நேரே போட்டோ ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாள். ஸ்டூடியோக்காரர் விளக்கெல்லாம் போட்டு, கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னார். அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவர் வந்து தலையைத் திருப்பி வைத்தார். அவள் மறுபடி திரும்பிக்கொண்டாள். அப்படி எடுத்தால் பாதி முகம்தான் விழும், காசு தண்டம் என்று அவர் எரிந்து விழுந்தார்.

"அந்தப் பாதிதான் வேணும். அப்படியே எடுங்க" என்றாள் பாஞ்சாலி.

அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், இந்தப் பொண்ணு நம்மைப் பார்க்காமல் யாரைப் பார்க்கிறது என்று கேட்பார்கள். கண் மங்கிய ஜெயம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"அவ எங்க பாக்கறா? முகவாயக் காட்டிகினு இருக்கா. நல்லா பாத்துக்கோ."